சி ஷிஃப்ட் வாரத்துச் சர்க்கரைத் திருடன்

ஏப்ரல் 5, சனி

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் நான். ஆனால் இந்த வீட்டில் மாதாமாதம் பரீட்சை எழுதி ஃபெயில் ஆகிறவர் நைனா.

இன்றைய மார்க், வெறும் வயிற்றில் 268. போன மாதம் 92. அதற்கு முந்தைய மாதம் 240. இது சர்க்கரையா, நைனா ஓட்டுகிற கிரேனின் கொக்கியா? ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக லேபுக்கு வந்து ரத்தம் கொடுத்தார். துணைக்கு நான். டாக்டர் சீட்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"என்ன தேசப்பன், கல்யாண வீட்டுச் சாப்பாடா?"

"இல்ல சார்."

டாக்டர், ஆபீசர் என்று சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் நைனாவுக்கு நாலே வார்த்தைதான். சரி சார், இல்ல சார், ஆமா சார், வரேன் சார். டாக்டர் பெரிய மாத்திரையாக எழுதினார். "காலைல, சாப்பாட்டுக்கு முன்னாடி. மறக்கவே கூடாது." "சரி சார்." முடிந்தது. இதற்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்ததும் முகம் தொங்கிவிட்டது. மாசக் கடைசியில் கம்பெனி மெடிக்கல். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் கிரேன் ஓடும். அதில் தொங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நைனா கம்பிக் கட்டுகளை எடுத்து வைப்பார். முதலாளியே வந்தாலும் தரையில்தான் நடக்க வேண்டும். அந்த ஆலையில் உண்மையான மேலதிகாரி எங்கள் நைனா ஒருவர்தான். போன வருஷம் ஒருத்தரை இறக்கினார்கள். அந்தக் கதையை நைனா சாவுச் செய்தி போலத்தான் சொல்வார்.

அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். "திருட்டுத்தனமா துண்றாரு. வேற இன்னா?"

எனக்கும் அதில் சந்தேகமில்லை. விசாரணையை நான் ஏற்றுக்கொள்கிறேன். லீவுதானே.


ஏப்ரல் 8, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் அங்கிள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அது உபதொழில். முக்கியத் தொழில் வைத்தியம். டிரைவர் சீட்டுக்குக் கீழே பச்சைப் பொடி டப்பாக்கள். சர்க்கரைக்கும் அதே பொடி, மூட்டுவலிக்கும் அதே பொடி. பேட்டரி இறங்கினாலும் அதையே போடுவார் என்று நினைக்கிறேன்.

காலையில் நைனாவுக்கு உபதேசம். "தேசப்பா, இந்த இங்கிலீஷ் மாத்திரைலாம் கிட்னிய தின்னுடும். நம்ம பொடிய போடு. ஒரு மண்டலம்."

"சரி அண்ணே" என்றார் நைனா. வாங்கி அலமாரியில் வைத்தார். அலமாரியில் ஏற்கெனவே மூன்று டப்பா இருக்கிறது. மண்டலம் மண்டலமாக அலமாரிக்குத்தான் சர்க்கரை குறைந்துகொண்டு வருகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. நண்பன் ஜெரால்டின் போனிலிருந்து அங்கிளுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். 'வலது காலைத் தூக்கி, இடது காதைப் பிடித்து, கிழக்கே பார்த்து நூறு எண்ணினால் கணையம் திறந்துகொள்ளும். பத்து பேருக்கு அனுப்பவும்.' ஜெரால்ட் சிரித்த சிரிப்பில் அவன் வீட்டு நாய் எழுந்து வெளியே போய்விட்டது.


ஏப்ரல் 9, புதன்

அங்கிள் பத்து பேருக்கு அனுப்பினார். பத்தில் ஒருத்தி என் அம்மா.

விடிகாலையில் நைனா முற்றத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அறுபத்தி மூன்றில் நைனா சாய்ந்தார்.

ஊரில் இருக்கிற முட்டாள்தனத்துக்கு நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அது போய்ச் சேர முகவரி மட்டும்தான் எழுதினேன்.


ஏப்ரல் 11, வெள்ளி

விசாரணை நிலவரம்: பூஜ்யம். இந்த வாரம் நைனாவுக்கு பி ஷிஃப்ட், மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து. காலையில் எழுகிறார், மாத்திரை போடுகிறார், நாஷ்டா சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார். பிஸ்கட் டப்பாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருடன் லீவில் இருக்கிறான்.


ஏப்ரல் 13, ஞாயிறு

கடம்பத்தூரிலிருந்து பிரேமா சித்தி வந்தாள். எங்கள் மாவட்டத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால் கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் வந்து பார்க்க வேண்டும். ஒரே மாவட்டம். ஆனால் நடுவில் சென்னைக்குள் போய் ரயில் மாறி வர வேண்டும். கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். எங்களுக்கு அது ஏதோ வெளிநாடு. சித்தி வந்து சேர்ந்தபோது அவளுக்கே சர்க்கரை வந்துவிட்டது போல இருந்தாள்.

சித்தப்பாவுக்குப் புது மெஷின் வாங்கிவிட்டார்களாம். பழைய சர்க்கரை மெஷினை எங்களுக்குக் கொண்டு வந்திருந்தாள். விரலில் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு, அஞ்சு எண்ணுவதற்குள் நம்பர்.

"மாசத்துக்கு ஒருவாட்டி லேபுல பாத்தா போதாதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள் சித்தி. "காலைல ஒன்னு இருக்கும், மத்தியானம் ஒன்னு இருக்கும். எங்கூட்டுக்காரருக்கு ஒரே நாள்ல மூணு நம்பரு."

"ஒரு நம்பருக்கே நான் அழுதுகினு கீறேன். மூணு வேறயா" என்றாள் அம்மா.

எனக்கோ பரம சந்தோஷம். கைரேகை நிபுணருக்குக் கருவி கிடைத்துவிட்டது.


ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ஆலைக்கு விடுமுறை. காலையில் நைனாவின் விரலை அம்மா பிடித்துக்கொள்ள நான் குத்தினேன். 121.

அம்மா சாமி படத்துக்கு ஒரு பூ கூடுதலாக வைத்தாள். பாயசத்தில் நைனாவுக்கு ஒரு கரண்டி அனுமதி. நைனா அதை மருந்து குடிப்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு குடித்தார். நடிப்பு. அப்பட்டமான நடிப்பு.


ஏப்ரல் 16, புதன்

இந்த வாரம் ஏ ஷிஃப்ட். விடிகாலை ஐந்துக்கு மாத்திரை, ஆறுக்குக் கூண்டு, இரண்டு மணிக்கு முடிந்து மூன்றுக்கெல்லாம் வீடு.

இன்று வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. "இன்னா நைனா, கிரேனை மறந்துபோய் ரோட்டுல ஓட்டினு வந்துட்டியா?" என்றேன். வழக்கமாக செருப்பைத் தேடுவார். இன்று தேடவில்லை. சட்டையைக் கழற்றாமல் அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

போரடிக்குது. இவரை வைத்து விளையாடினாலும் எதிர்விளையாட்டு இல்லை.


ஏப்ரல் 21, திங்கள்

இன்று முதல் சி ஷிஃப்ட். ராத்திரி பத்துக்குப் போய் விடிகாலை ஆறுக்கு முடியும். அம்மா ஏழரை மணி கம்பெனி பஸ்ஸில் பேக்கிங் வேலைக்குப் போனால் ஆறரைக்குத்தான் வருவாள். பகல் முழுக்க நைனா மட்டும் வீட்டில். இது வரைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். அதாவது சாட்சியே இல்லாத வாரம்.

திருடினால் இந்த வாரம்தான் திருடுவார். சி ஃபார் சீனி.

பொறி தயார். பிஸ்கட் டப்பா மூடிக்குக் கீழே அம்மாவின் தலைமுடி ஒன்று. சர்க்கரை டப்பாவில் சர்க்கரையைச் சமப்படுத்தி, மேலே விரலால் 'வணக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.


ஏப்ரல் 22, செவ்வாய்

பிடிபட்டார்.

நான் ஜெரால்ட் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். ஒரு மணி இருக்கும். நைனா எழுந்தார். குடித்தவனைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பிஸ்கட்டை இரண்டிரண்டாக வாயில் திணித்தார். அப்புறம் சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டு அப்படியே வாயில் போட்டார். 'வணக்கம்' போச்சு. அப்புறம் பானையிலிருந்த பழைய சோறு, முழுசாக. பனியன் முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. திருடும்போது யாருக்கும் வியர்க்கும்தானே.

உள்ளே போய் நின்றேன். "வணக்கம் நைனா."

"பசிச்சுதுடா" என்றார்.

"பசிச்சா சோறு. இது இன்னா, டப்பாவோட சாப்புடற பசி?"

டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பாயில் போய் விழுந்தார்.

சாயங்காலம் அம்மாவிடம் முழு அறிக்கை சமர்ப்பித்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அழுதாள். "கிரேன்லேந்து எறக்கிடுவாங்கன்னு தெரிஞ்சுகினே துண்ணுவியாய்யா? நாலு பேருக்கு முன்னாடி குப்பை அள்ளப் போறியா?"

"பூட்டி வெய்ம்மா" என்று நான்தான் சொன்னேன். சர்க்கரை, பிஸ்கட், வெல்லம் எல்லாம் பீரோவுக்குள் போயின. சாவி அம்மாவின் கைப்பையில். கேஸ் முடிந்தது.


ஏப்ரல் 23, புதன்

கேஸ் முடியவில்லை. பீரோ பூட்டியிருந்தும் மெஷினுக்கு விரல் கொடுக்க மாட்டேன் என்கிறார். "ஒன்னும் வேணாம் போடா." குற்றமுள்ள விரல் குறுகுறுக்கும்.

இன்னொன்று கவனித்தேன். சி ஷிஃப்ட் முடித்து வந்தால் நாஷ்டா வேண்டாம் என்கிறார். குளிக்கிறார், மாத்திரை போடுகிறார், படுத்துவிடுகிறார். வரும் வழியிலேயே டீக்கடையில் எதையோ இனிப்பாக முடித்துவிட்டுத்தான் வருகிறார். இல்லையென்றால் ராத்திரி முழுக்க வேலை செய்தவனுக்கு இட்லி இறங்காதா?

நாளைக்கு அவர் தூங்கும்போதே குத்தப் போகிறேன். முன்னூறுக்குக் கீழே இருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். இருக்கிற பதினோரு முடியையும்.


ஏப்ரல் 24, வியாழன்

ஆஸ்பத்திரியில கீறோம். நாளைக்கு எழுதறேன்.


ஏப்ரல் 25, வெள்ளி

இப்போது எழுதலாம். ஆஸ்பத்திரி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு சட்னி சரியில்லை என்று நைனா சொல்லிவிட்டார். குறை சொன்னால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

நேற்று பதினோரு மணி. நைனா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் பூனை மாதிரிப் போய், மெஷினில் பட்டையைச் செருகி, மோதிர விரலில் குத்தினேன். அவர் துள்ளி எழுந்து என்னை உதைப்பார் என்று ஒரு காலைப் பின்னால் வைத்துத் தயாராக இருந்தேன்.

அசையவில்லை.

விரல் ஜில்லென்று இருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, தலையணை தொப்பலாக நனைந்திருக்கிறது. மெஷினைப் பார்த்தேன். 44.

முன்னூற்று நாற்பத்து நாலு, முன்னால் ஒரு மூன்று விழாமல் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. இப்படி ஒரு மண்டை எனக்கு. என் விரலைக் குத்திப் பார்த்தேன். 97. மெஷின் ஒழுங்காத்தான் கீது.

"நைனா. நைனா, எழுந்துரு. டேய் நைனா." அப்படித்தான் கூப்பிட்டேன், 'டேய்' என்று. அதற்கும் எழவில்லை. கண் பாதி திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டு, "மெதுவா... மெதுவா எறக்கு... கலியா, தள்ளு... தள்ளுடா" என்றார்.

மெஷின் கொடுத்த அன்று சித்தி போகிற போக்கில் சொல்லியிருந்தாள், நம்பர் ரொம்ப இறங்கினால் உடனே சர்க்கரை என்று. சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை எங்கே? பீரோவில. சாவி எங்கே? கைப்பையில. கைப்பை எங்கே? கம்பெனியில. பூட்டச் சொன்ன அறிவாளி எங்கே? இதோ, நடு வீட்டுல நின்னுகினு பீரோவ உதைச்சுகினு கீறான்.

ஆசீர்வாதம் அங்கிள் வாசலில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்குள் போய் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தார். நான் ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து நைனா வாயில் ஊற்றப் போனேன். அங்கிள் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஊத்தாதடா, மூச்சுல பூந்துடும்." நைனாவைப் பக்கவாட்டில் திருப்பி, ஈரக் கையில் சர்க்கரையைத் தொட்டு, உதட்டுக்கு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். அப்புறம் இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். வழியெல்லாம் அந்தப் பச்சைப் பொடி டப்பாக்கள் உருண்டுகொண்டே வந்தன. அதில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை என்பதை வரலாற்றுக்காகக் குறித்து வைக்கிறேன்.

டிரிப் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நைனா கண்ணைத் திறந்து, "ஷிஃப்டுக்கு டைம் ஆச்சா?" என்றார்.

அம்மா வந்து சேர்ந்தாள். எங்கள் கிளினிக் டாக்டர்தான் அங்கேயும் பார்க்கிறவர். அவரும் வந்தார்.

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் சார். நீங்க சொன்னாப்புல, காலைல, சாப்பாட்டுக்கு முன்னாடி."

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"இன்னும் இல்ல சார். தூங்கி எழுந்துதான். ஒரு மணி, ரெண்டு மணி ஆவும்."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "தூங்கி எழுந்தா? நைட் ஷிஃப்ட்டா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கல சார்." நாலு வார்த்தைக்காரர் டாக்டரை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம்.

"அப்ப ரத்தம் எடுத்த அன்னைக்கு?"

"நேரா கம்பெனிலேந்து வந்தேன்."

"ராத்திரி கேன்டீன்ல?"

"நாலு மணிக்கு எலுமிச்ச சாதம். டீ ரெண்டு."

"அது வெறும் வயிறே இல்ல தேசப்பன்." டாக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அந்த நம்பரைப் பார்த்து நான் டோஸை ஏத்திட்டேன். மாசத்துக்கு ஒரு நம்பர். ஒரு தடவை மேல இருக்கும்போது பார்த்தேன், ஒரு தடவை கீழ இருக்கும்போது பார்த்தேன். நடுவுல எவ்வளவு ஆடுதுன்னு பார்க்கவே இல்ல. மேல போறது வருஷக்கணக்குல கண்ணு, கிட்னின்னு கெடுக்கும். கீழ போறது ஒரு மணி நேரத்துல ஆளையே முடிச்சுடும்."

அம்மா விடவில்லை. "இவரு திருடித் துண்றாரு டாக்டர். எம் புள்ள கையும் களவுமா புடிச்சான். சர்க்கரைய அள்ளி வாயில போட்டுகினாரு."

"எப்போ?"

"சி ஷிஃப்ட் வாரத்துல. மத்தியானத்துல" என்றேன் நான்.

"திருடலம்மா. இறங்கிப்போன உடம்பு கேட்டிருக்கு. அதைத் தின்னதாலதான் இத்தனை நாள் அவரே எழுந்திருக்கார். அப்புறம் பயத்துல அளவில்லாம தின்னா, நேரா மேல ஏறும். ஏறுறதும் இறங்குறதும் ஒரே கதைதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டிரிப் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டு சொட்டாக, மெதுவாக, எவ்வளவு பொறுமையாக இறங்குகிறது.

இனிமேல் மாத்திரை சின்னது. கடிகாரத்தைப் பார்த்துப் போடக் கூடாது, தட்டைப் பார்த்துப் போட வேண்டும். சாப்பிடாமல் படுப்பதாக இருந்தால் மாத்திரையும் இல்லை. தினமும் வேறு வேறு நேரத்தில் மெஷினில் பார்த்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். போட்ட மாத்திரை உடம்பில் இன்னும் இருப்பதால் ராத்திரியும் கண்காணிப்பு என்று நிறுத்திக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதற்கு ஒரு ஆள் சாகக் கிடக்க வேண்டியிருந்தது. "எந்த ஷிஃப்டு?" என்று யாராவது ஒரு தரம் கேட்டிருக்கலாம். டாக்டர் கேட்கவில்லை. லேபில் கேட்கவில்லை. பதினேழு வருஷமாகக் கூடவே இருக்கும் நானும் ஷிஃப்டைக் கவனித்தேன், திருடனைப் பிடிக்க.

மீசையை எடுத்துவிட்டேன். பந்தயம் பந்தயம்தான்.


ஏப்ரல் 27, ஞாயிறு

நைனா வீட்டில். காலை 126, மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 171. டாக்டருக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் ஒன்று அனுப்பினார். படித்த படிப்புக்கு ஒரு விரல்.

புதன்கிழமை மெடிக்கல். இந்த நம்பர் போதும், பாஸ். நானும் அம்மாவும் கணக்குப் போட்டு முடித்துவிட்டோம். கம்பெனியில் ஆஸ்பத்திரி விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் லீவு காய்ச்சலுக்கு.

நைனா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "டேய் தீனா, அன்னிக்கு மயக்கத்துல நான் இன்னா பேசினேன்?"

"கிரேன் ஓட்டுன நைனா. பாயில படுத்துகினு. 'மெதுவா எறக்கு, கலியா தள்ளு'ன்னு. நான்தான் சிக்னல் காட்டினேன்." ஜோக் அடித்துக் காட்டினேன், கையெல்லாம் ஆட்டி.

சிரிக்கவில்லை. அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார். "போன வாரத்துக்கு முந்தின வாரம், ஏ ஷிஃப்டுல. எட்டு மணி இருக்கும். மாத்திரை போட்டு மூணு மணி நேரம் ஆச்சு, நாஷ்டாவுக்கு இன்னும் பெல் அடிக்கல. கை ஆடுச்சு. லீவரை ரெண்டா பாக்கறேன். கம்பிக் கட்டு ஊஞ்சலாட்டம் போச்சு. கீழ கொக்கி மாட்ட கலியன் நின்னான். குதிச்சான், தப்பிச்சான்."

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது.

"சூப்பர்வைசரு வந்து கலியனைத் திட்டினான். நீ சங்கிலி சரியா மாட்டலன்னு. மெமோ குடுத்தான். நான் மேல உக்காந்துகினு கேட்டுகினே இருந்தேன்."

"அதான் ஒன்னும் ஆவலல்ல" என்றேன். "இப்ப மாத்திரையும் மாத்தியாச்சு. நீ சொன்னா உன்னை எறக்கிடுவாங்க. கலியன் மாமா ஒரு மெமோல இன்னா கொறஞ்சுடப் போறாரு?"

"கீழ ஆளு நிக்கிறான்டா."

அவ்வளவுதான் சொன்னார். சோற்றை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அம்மா அவர் பின்னாலேயே போய் என்னென்னவோ சொன்னாள். உத்தமர் தூங்கிவிட்டார்.


ஏப்ரல் 30, புதன்

மெடிக்கலில் 114. ஃபிட் என்று எழுதிவிட்டார்களாம். எழுதின பிறகு நைனாவே வாயைத் திறந்து, அன்று கிரேனில் நடந்ததையெல்லாம் சொன்னாராம்.


மே 2, வெள்ளி

சேஃப்டி ஆபீசர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். 'உங்களை மாதிரி பத்து பேர் இருந்தால் போதும்' என்றாராம். சொல்லிவிட்டு அந்தப் பத்தில் இருந்த ஒருவரையும் கூண்டிலிருந்து எடுத்துவிட்டார். கையைக் குடுத்து கிரேனைப் புடுங்கிகினு போறதுக்குப் பேரு பாராட்டு.

திங்கள் முதல் தரையில் கொக்கி மாட்டும் வேலை, காலை எட்டரையிலிருந்து ஐந்து, ஒரே ஷிஃப்ட். ஆறு மாதம் சர்க்கரை ஆடாமல் நின்றால் மறுபடி பேசலாமாம். பேசலாம். இவர்கள் பேசுவதற்கு என்ன.

கூண்டுக்குள் சாம்சன் உட்காரப் போகிறான். நைனாவிடம் பயிற்சி எடுத்த பையன். 'கொக்கியை எறக்கச் சொன்னா கோயில் தேரு மாதிரி எறக்கறான்' என்று அவனைப் பற்றி நைனா குறை சொல்லாத நாளில்லை.

சாயங்காலம் கலியன் மாமா வந்தார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். கோழி வாங்கி வந்திருந்தார். "மெமோவைக் கிழிச்சுட்டானுங்க. ஆனா உன் மேல எனக்குக் கோவம் போவல, தேசப்பா. போறதுக்கு நாளாவும்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது என்னிடம், "அந்த மெஷினு எடு, எனக்கும் ஒரு குத்து குத்து" என்றார். 203. "இது ரிப்பேரு மெஷினு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.


மே 8, வியாழன்

பாஸ். பிளஸ் டூ மார்க்கை எழுதப் போவதில்லை, இதை யாராவது படித்துவிட்டால் என்ன செய்வது. ஆசீர்வாதம் அங்கிள் லட்டு கொண்டு வந்தார். நைனா பாதி பிட்டு, மெதுவாக, எல்லோருக்கும் எதிரிலேயே சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து அவரே விரலை நீட்டினார். 158. அங்கிள் அதைத் தன் பொடியின் வெற்றி என்று தெருவில் சொல்லிக்கொண்டு போகிறார். போகட்டும். அவரைக் கிண்டலடித்து எழுதவே எனக்கு இப்போது கை வரமாட்டேன் என்கிறது, பேஜாரு.


மே 13, செவ்வாய்

நைனா இப்போதெல்லாம் தினமும் சாயங்கால வெயிலில் வீட்டுக்கு வருகிறார். அவர் நிழல் வாசலில் விழுவதைப் பார்த்தால் யாரோ கடன்காரன் என்று நினைத்துவிடுகிறேன்.

இன்று வந்து உட்கார்ந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "தீனா, தைலம் எடுடா."

"இன்னா ஆச்சு?"

"ஒன்னுமில்ல. மேலயே பாத்துகினு இருக்கணும். சாம்சனுக்குக் கை காட்டினா போதாது, அவன் மூஞ்சியையும் பாக்கணும். பதினாலு வருஷம் குனிஞ்சே பாத்த கழுத்து. நிமிர மாட்டேங்குது."

பின்னால் உட்கார்ந்து தேய்த்தேன். எலும்பு இரும்பு மாதிரி இறுகியிருந்தது. சொல்வதற்கு மூன்று ஜோக் வந்தது. மூன்றும் நல்ல ஜோக்.

"எப்பிடி ஓட்டறான்?" என்று கேட்டேன்.

"பயப்படறான்." கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொடுத்து, "பரவால்ல. பயந்தே ஓட்டட்டும். நான் கீழதான நிக்கறேன்" என்றார்.